சாறியும் சைக்கிள் கரியரும்

ஞாயிறு இரவு சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் பாயை விரித்து, அதன் மேல் மறுநாளைய சாறியைப் போட்டுக் கொசுவம் பிடிக்கத் தொடங்கிவிடுவேன். அம்மா பார்த்துவிட்டு, "இந்த நேரத்தில எங்க போகப் போறாய்?" என்று முதல் நாளில் கேட்டது ஞாபகம் இருக்கிறது. இப்போது அவவே அயன் பெட்டியைச் சூடாக்கி வைத்துவிடுகிறா.

வீடு மட்டக்களப்புக்குத் தெற்கே ஆரையம்பதி. வேலை நகரத்துக்குள், புளியந்தீவில். இடையில் 7 கிலோமீட்டர் அளவு இருக்கும். காத்தான்குடிப் பேரீச்சை மரங்களைத் தாண்டி, நாவற்குடா, கல்லடி, பிறகு பாலம். வேகமாக மிதிக்காமல் போனால் நாற்பது நிமிஷம். 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு நின்றபின் ஸ்கூட்டியை மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டு அம்மாவின் பழைய லுமாலா சைக்கிளை எடுத்தேன். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுத் தரக் கியூஆர் அட்டை முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் தந்தார்கள். அதற்குள் எனக்குக் காலையில் மிதித்துப் போவது பிடித்துவிட்டது. முழங்கால் வலியும் போய்விட்டது. ஸ்கூட்டி இப்போது தம்பியிடம்.

மிதிப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் உடுப்பில்தான். எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்குச் சாறி. சாறியோடு சைக்கிள் ஓடும் பெண்களை மட்டக்களப்பில் நிறையப் பார்க்கலாம், என் அம்மாவும் அப்படி ஓடியவதான். ஆனால் அவ ஓடியது ஒரு மைல். ஏழு கிலோமீட்டர் போய் இறங்கினால் சாறியின் கரை செயினில் உரசிக் கறுத்து, பிளவுஸ் முதுகோடு ஒட்டி, கொசுவமெல்லாம் கலைந்திருக்கும். அதனால் பஞ்சாபி போட்டுக்கொண்டு ஓடி, சாறியைக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதைச் சரியாக்க எனக்கு ஒரு வருஷத்துக்குக் கிட்டப் பிடித்தது.

முதலில் முதுகுப் பை. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள் என்று நினைத்தேன். வைகாசி வெயிலில், காலை ஏழு மணிக்கே முதுகு முழுக்க நனைந்து, அந்த ஈரம் பைத்துணியைத் தாண்டி உள்ளே இருந்த பிளவுஸுக்கும் போய்விட்டது. போதாததற்கு, பாரம் மேலே இருப்பதால் காற்றடிக்கும்போது சைக்கிள் தள்ளாடும். சுமை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குச் சைக்கிள் அமைதியாகப் போகும். அதை உடம்பால் படித்துக்கொண்டது அப்போதுதான்.

அடுத்து ஹாண்டிலில் பை கொழுவினேன். இதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். கல்லடியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பை ஆடி முன்சில்லுக் கம்பிக்குள் போய்விட்டது. மெதுவாகப் போனதால் முழங்கை உரசலோடு தப்பினேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டி அண்ணன் இறங்கி வந்து, கம்பியில் சுற்றியிருந்த பைவாரைத் தன் கத்தியால் அறுத்து எடுத்துத் தந்தார். பஸ் ஒன்று பின்னால் வந்திருந்தால் என்று இப்போதும் நினைத்தால் கை நடுங்கும்.

அப்புறம் கரியர். பழைய ரியூபை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டுவது நம் ஊரில் எல்லாரும் அறிந்த வேலை. நெல்மூட்டையே அதில் வரும். ஆனால் துணி மூட்டை அப்படியில்லை. ரியூப் இழுத்துக் கட்டிய இடத்தில் ஆழமாக ஒரு மடிப்பு விழும். மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்று வைத்திருக்கிறேன், இளம்பச்சையில் மாம்பழக் கரை. அதன் குறுக்கே அந்த மடிப்பைப் பார்த்த அன்று நாள் முழுக்க எனக்கு மனம் சரியில்லை. பருத்தி அப்படித்தான். கொஞ்சம் ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் விழுந்த மடிப்பை விடாது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். சாறியைக் கட்டிலில் விரித்து, முன்கொசுவத்தை ஆறு மடிப்பாக அளந்து பிடித்து, மேலே ஒரு உடுப்புக் கிளிப் போடுவேன். தலைப்பையும் தோளுக்கு வேண்டிய மடிப்பில் பிடித்து அங்கே இன்னொரு கிளிப். இரண்டையும் அயன் பண்ணிவிட்டு, மிச்சத்தை நீளவாக்கில் மூன்றாக மடிக்க வேண்டும். பிறகு மடிக்கவே கூடாது, சுருட்ட வேண்டும். சுருட்டுவதற்கு நடுவில் ஏதாவது தடிப்பாக இருந்தால்தான் கூரான மடிப்பு விழாது. அதற்கு என் துவாய். எப்படியும் வியர்வை துடைக்க அது வேண்டும், ஆகவே அதையே உருட்டி உள்ளே வைத்துச் சாறியை அதன் மேல் தளர்வாகச் சுருட்டுவேன். கடைசியில் தலைப்பு வெளிப்பக்கம் வரும். அங்கே போய் விரித்தால் முதலில் கையில் வருவது துடைக்கிற துவாய் இல்லையே என்று ஒரு நாள் யோசித்து, துவாயின் ஒரு முனையை மட்டும் வெளியே நீட்டி விட்டேன். இழுத்தால் அது தனியாக வந்துவிடும், சுருள் கலையாது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பையைத் தைத்துத் தந்தவர் காத்தான்குடியில் ஒரு தையல்கார நானா. அதற்கு முன் நகரத்துக் கடை ஒன்றில், தண்ணீர் போகாது என்று சொன்ன பையை வாங்கியிருந்தேன். கார்த்திகை மழையில் இரண்டாம் நாளே உள்ளே குளம். கடைக்காரரிடம் காட்டியபோது "மழைக்குள்ள போனா நனையத்தானே செய்யும்" என்றார். நானா அந்தப் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ள, துணியில பிழை இல்ல. தையல் ஊசி போன ஓட்டையெல்லாம் தண்ணிக்கு வாசல். வாயும் சிப்பு வச்சிருக்கு, அதாலயும் வரும்" என்றார். அவர் உரப்பையில் இரண்டு பக்கப் பைகள் தைத்தார். தையல் எல்லாம் மேல்பாதியில் மட்டும், அடி முழுத் துண்டாக மடிந்து வரும். வாயைப் பூட்டாமல் நீளமாக விட்டு, மூன்று தரம் கீழ்நோக்கிச் சுருட்டிக் கொக்கி போடும்படி செய்தார். சுருட்டின வாய்க்குள் மழை ஏறாது. அதற்கு மேல் சாறிச் சுருளை ஒரு சொப்பிங் பேக்கில் வைத்து முடிச்சுப் போட்டுவிடுவேன். வாடைக்காற்றோடு கல்லடிப் பாலத்தில் மழை பக்கவாட்டில் அடிக்கும் நாளில் இரண்டு காவல் இருப்பது நல்லது.

பைகளைக் கரியரில் எவ்வளவு பின்தள்ளிக் கொழுவுவது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு மிதிக்கும் என் குதிக்கால் பையில் இடித்தது. நான்கு விரற்கடை பின்னால் தள்ளியதும் சரி. ஒரு பக்கம் உடுப்பு, மறு பக்கம் சாப்பாட்டுப் பெட்டியும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும். மீன் ஆணமும் சாறியும் ஒரே பையில் போகக் கூடாது, இதற்கு விளக்கம் தேவையில்லை. அலுவலகச் செருப்பு மேசை லாச்சியிலேயே கிடக்கிறது. பாவாடையும் இரண்டு பிளவுஸும் திங்கட்கிழமை மொத்தமாகப் போய் வெள்ளிக்கிழமை திரும்பி வரும். ஆகவே மற்ற நாட்களில் சாறி ஒன்றுதான் பாரம். பின்ரயருக்குக் காற்றைக் கொஞ்சம் கூட வைப்பேன்.

போய் இறங்கியவுடன் மாற்றக் கூடாது. ஓடும்போது அடித்த காற்று நின்றுவிடும், உடம்பின் சூடு நிற்காது. இறங்கியபின்தான் வியர்வை ஊற்றும். ஃபேனுக்குக் கீழே பத்துப் பதினைந்து நிமிஷம் இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, துவாயை நனைத்து முகமும் கழுத்தும் கையும் துடைத்துவிட்டுப் போனால், கட்டின சாறி பின்னேரம் வரை அப்படியே நிற்கும். அதற்காகவே 6.20க்கு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறேன்.

மாற்றுகிற இடம் குளியலறை. நிலம் எப்போதும் ஈரம். சாறியின் கரை ஒரு தரம் அதில் பட்டால் போதும், அன்று முழுக்கக் கணுக்காலில் சில்லிட்டுக்கொண்டே இருக்கும். பன்பாய்த் துண்டு ஒன்றை வெட்டிச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதை விரித்து அதன் மேல் நின்று கட்டுவேன். ஆணி ஒன்று அடித்துத் தரும்படி கேட்டு மூன்று மாதம் ஆனபின், காவலாளி ஐயா தன் வீட்டில் இருந்து சுத்தியல் கொண்டுவந்து அடித்துத் தந்தார். ஒரு ஆணி. அதில் சுருளைக் கொழுவினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். கிளிப் போட்டிருப்பதால் ஐந்து நிமிஷத்தில் கட்டி முடியும்.

வேலைக்கு வரும் பெண்ணுக்கு உடுப்பு மாற்ற ஒரு காய்ந்த மூலையும் ஒரு ஆணியும் வேண்டும் என்பதைக் கேட்க நான் முதலில் கூச்சப்பட்டேன். இப்போது வெட்கமில்லாமல் கேட்கிறேன், இன்னும் இரண்டு ஆணி கேட்டிருக்கிறேன். ஏனென்றால் கல்லடியில் இருந்து வரும் புதுப் பிள்ளை போன கிழமை என் பையைப் பிடித்துப் பார்த்து, "அக்கா, இத எங்க தைச்சீங்க?" என்று கேட்டாள். அவளுடைய கரியரின் நீளத்தை என் சாண் கணக்கில் அளந்து வைத்திருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை நானாவிடம் போக வேண்டும். என் இடப்பக்கப் பையின் அடிமூலை கரியர்க் கம்பியில் உரசி உரசித் தேய்ந்து, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிகின்றன. அந்த இடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ரியூப் துண்டு வைத்து ஒட்டலாம் என்று நினைக்கிறேன். தைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், அவருக்கும் அது தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் பாலத்தில் வரும்போது வாவிக்கு மேலே வானம் கறுத்து, முதல் துளிகள் கையில் விழுந்தன.