கல்லில் 34 பெயர்கள்

நவம்பர் 26, 2024, செவ்வாய்

கல் வந்துவிட்டது. கறுப்புக் கிரானைட். சாக்கில் சுற்றி ஆலயத்தின் பின்வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். துடைப்பம் எடுக்கப் போனவள் சாக்கை விலக்கிப் பார்த்தேன். 34 பெயர்கள். இரண்டாம் முறை விரல் வைத்து எண்ணினேன். என் பெயர் இல்லை. மூன்று வருடமாக ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் நான் ஏறாத படி இல்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைத்தானே போடுவார்கள், வாங்கப் போனவள் பெயரை எதற்குப் போடுவார்கள் என்று இவர் கேட்டார். நியாயம்தான். சோறு இறங்கவில்லை.

நவம்பர் 27

கல்லைப் பற்றி இன்று நினைக்கவே இல்லை, இதை எழுத உட்காரும் வரை.

நவம்பர் 29, வெள்ளி

புயலுக்கு ஃபெஞ்சல் என்று பெயர் வைத்தாகிவிட்டதாம். அதற்குக்கூடப் பெயர்.

பாடகர் குழுப் பயிற்சி இல்லை. ஜன்னல்களைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோது கீர்நாந்தர் நினைவுக்கு வந்தார். சுவீடன் தேசத்துக்காரர், 1740-இல் இந்தக் கடலூருக்கு ஊழியத்துக்கு வந்தவர். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே பெரும்பாலும் சொந்தப் பணத்தில் ஆலயம் கட்டி 1770-இல் திறந்தார். பிறகு கடன் கழுத்தை நெரித்து, 1787-இல் அந்த ஆலயமே கைமாறிப்போனது. ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் லால் கிர்ஜா, சிவப்புக் கோயில். செங்கல்லின் நிறம்தான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அவ்வளவு செலவழித்தவருக்கே அந்தக் கதி. எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்படி ஆறுதல் தேடுவது சரியா என்றும் தெரியவில்லை.

நவம்பர் 30, இரவு

மின்சாரம் இல்லை. காற்று சுவரை உதைக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதற்கு மேல் எழுத முடியாது.

டிசம்பர் 1

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. ஆலயத்தில் பன்னிரண்டு பேர். புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல் நகராமல் அங்கேயே நின்றுவிட்டதாம். ஒரே நாளில் அங்கு 48 செ.மீ. அளவுக்கு மழை.

மின்விசிறிகள் நின்றிருந்தன. சுற்றும்போது தெரியாத எழுத்தெல்லாம் இறக்கைகளில் சிவப்புப் பெயின்டில் பளிச்சென்று தெரிந்தது: இன்னார் நினைவாக, இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு. பிரசங்கம் நடக்கும்போது ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். யோவான் ஸ்நானகன் சொன்னதைப் போதகர் எடுத்துக்கொண்டார்: "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்." சிறுகத் தயார்தான், சிறுகுவதை நாலு பேர் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆண்டவரே, மன்னியும்.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையிலிருந்து விடியற்காலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை ஊருக்குள் வந்துவிட்டது. நாணமேடு, கண்டக்காடு பக்கத்திலிருந்து ஈரத் துணியோடு வந்த குடும்பங்களைச் சபைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். காலையிலிருந்து அடுப்படிதான். ஈர விறகு, புகை, கண் எரிச்சல். எலுமிச்சை சாதம், பிறகு சாம்பார் சாதம், பிறகு மறுபடியும் எலுமிச்சை சாதம். குழந்தைகள் தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்டார்கள். அரை நாள் முழுக்க எனக்கு என் நினைவே இல்லை.

மூன்று மணி வாக்கில் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். என் கை தானாக முந்தானையைச் சரிசெய்தது. கரண்டியை இடது கைக்கு மாற்றி, முகம் மறையாமல் நின்றுகொண்டேன். கரண்டியில் சோறு இல்லை. எதிரே தட்டை நீட்டிக்கொண்டிருந்த பாட்டி, என்னையும் வெறும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3

படம் வந்திருக்கிறது. பாட்டியின் முகம் முழுசாக இருக்கிறது. நான் முழங்கை வரைதான்.

டிசம்பர் 4, புதன்

தூக்கம் வராமல் நான்கரை மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். கழிப்பறைப் பக்கம் டார்ச் வெளிச்சம். இரண்டு நாளாக யார் கழுவுகிறார்கள் என்று யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பொருளாளர் மனைவி! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் மூன்றாவது பெயர் அவளுடையது. அந்தப் பெயரை நான் எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன்!

என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்கவில்லை. "அக்கா, பினாயில் இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும்" என்றாள். வாங்கி வந்து கொடுத்தேன். துடைப்பத்தை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

டிசம்பர் 5

இதைச் சபையில் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. அவளுக்காகவா, முதலில் பார்த்தது நான் என்பதற்காகவா?

டிசம்பர் 6, வெள்ளி

போதகர் ஆள் அனுப்பியிருந்தார். கல்லின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறதாம். என் பெயர் விட்டுப்போனது அவருக்கு இப்போதுதான் தெரியுமாம். நாளைக் காலை கொத்துகிறவர் வருகிறார், முதலெழுத்து என்ன என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று உடனே சொல்லி அனுப்பியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மணி பதினொன்று. ரேஷன் கார்டில் இவருடைய முதலெழுத்து. ஞானஸ்நானச் சான்றிதழில் அப்பாவுடையது.