கரி பட்ட இடம் மட்டும்

"திருகை இறுக்காதீங்க தம்பி, மரம் இன்னும் வழிவிடல" என்றார் ஆசாரி அண்ணன்.

காரைக்குடியில் பழைய பர்மா தேக்குக் கதவுகளை நிலையோடு பொருத்திக் கொடுப்பவர். இன்று அவர் முன்னால் கிடந்தது என் மகளின் ஏர் ரைஃபிள். அதற்குப் புதிதாகச் செய்த மரப்பிடிக் கட்டையில் இரும்புப் பகுதி சரியாக உட்காராமல், குழல் மயிரிழை இடப்பக்கம் சாய்ந்தே நின்றது.

இறுக்கினால் நேராகத்தான் தெரியும். ஆனால் இரும்பு உள்ளுக்குள் விறைத்தே இருக்கும், கழற்றிப் பூட்டும்போதெல்லாம் குண்டு வேறு இடத்தில் போய் விழும்.

அண்ணன் இரும்பின் அடிப்பக்கத்தை விளக்குப் புகையில் காட்டினார், கட்டைக்குள் மெதுவாக இறக்கித் தூக்கினார். இரும்பு உட்காரும் பள்ளத்தின் பின்மூலையில் மிளகு அளவு கரி; அங்கே மட்டும்தான் இரும்பு மரத்தில் முட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்டினார். மறுபடி புகை, மறுபடி கரி, இப்போது வேறு இடத்தில். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இதே வேலைதான், பள்ளம் முழுக்கக் கரி ஒரே சீராகப் படியும் வரைக்கும். அப்புறம்தான் திருகு. அது விரலாலேயே இறங்கியது!

10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் 0.5 மி.மீ. குண்டே 4.5 மி.மீ. பிள்ளைகள் மூச்சடக்கிப் பழகுகிறார்கள், குறி தப்பினால் நாம் அவர்கள் கையைத்தான் குறை சொல்கிறோம்.

அதற்கு முன்னால், உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, கட்டைத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குழல் லேசாக எழும்பினால் கோளாறு அங்கேதான்.