உள்ளங்கையில் ஒரு எண்

பெசன்ட் நகர் கடற்கரையில் இன்று காலை ஒரே கல்லூரிக் கூட்டம். மஞ்சள் டி-ஷர்ட், கையில் உண்டியல். மனநல நிதிக்காக நடக்கிறார்களாம்.

அருகம்புல் ஜூஸ் விற்கும் அக்கா ஒரு மாணவியின் உண்டியலில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, "எதுக்கு பாப்பா இது?" என்றார்.

"மனநலத்துக்கு, அக்கா."

"பைத்தியத்துக்கா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. (நானாக இருந்தால் ஒரு வகுப்பே எடுத்திருப்பேன்.)

"இல்லக்கா. ராத்திரி தூக்கம் வராது, காரணமே இல்லாம அழுகை வரும், யார்கிட்டயும் சொல்ல முடியாது. அதுக்கு."

அக்கா டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் பேனாவால் 14416 என்று எழுதியிருந்தது. வியர்வையில் கடைசி 6 லேசாகக் கலைந்திருந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கேஸ் நம்பர், தண்ணி கேன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கிறது. இது இல்லை. காய்ச்சல் என்றால் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறோம். மனசு சரியில்லை என்று சொல்ல மட்டும் முதலில் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது.

சரி, அக்காவுக்கு வருகிறேன். ஒரு துண்டுத் தாளை நீட்டி, "அந்த நம்பரை இதுல எழுதிக் குடு பாப்பா" என்றார்.

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

தாளை நாலாக மடித்து, சில்லறை டப்பாவில் போடாமல், இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.