எமாலி சாலையில் தகரப்பெட்டிகள்

நைரோபியிலிருந்து மொம்பாசா நெடுஞ்சாலையில் சுமார் 125 கிலோமீட்டர் போனால் எமாலி. அங்கே வலப்பக்கம் பிரியும் தார்ச்சாலை கிமானா வழியாக லோய்டோகிடோக் போகிறது. மேகம் இல்லாத காலையில் கிளிமஞ்சாரோ நேர் எதிரே நிற்கும். அம்போசெலி தேசியப் பூங்காவின் யானைகளைப் பார்க்க வருகிறவர்கள் வழியிலிருக்கும் கடைத்தெருக்களை அரைத்தூக்கத்தில் கடந்துவிடுவார்கள். ஜனவரி என்றால் விழித்திருப்பது நல்லது. நீலமும் கறுப்புமாக வண்ணம் பூசிய தகரப்பெட்டிகள் கடை வாசல்களில் அடுக்கியிருக்கும். 'ஜுவா காளி', அதாவது சுடுவெயில் என்று பெயர் வாங்கிய தெருவோரப் பட்டறைக்காரர்கள் தட்டிச் செய்தவை. ஜனவரியில் பள்ளி ஆண்டு தொடங்கும்போது விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்காக.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பள்ளியே பட்டியல் கொடுக்கும். இரண்டு செட் சீருடை, கறுப்புத் தோல் காலணி, போர்வை, தட்டு, குவளை, சோப்பு, நாப்கின், பூட்டு. தனியாக வாளியும் மெத்தையும். மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்துப் பெண் ஒருத்தி பத்தாம் வகுப்புக்குப் போகிறாளா இல்லையா என்பது பல வீடுகளில் இந்தப் பெட்டி நிரம்புவதைப் பொறுத்தது.

பள்ளிதான் இலவசமாயிற்றே என்று கேட்கலாம். கென்யாவில் தொடக்கக் கல்வி 2003இல் இலவசமானது. 2008இல் உயர்நிலைப் பள்ளியிலும் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றது. ஆனால் முழுப் பயன் வீட்டிலிருந்து போய்வருகிறவர்களுக்குத்தான். வீடுகள் கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தில், இடையில் யானை நடமாட்டமும் இருந்தால், போய்வருவது எப்படி? விடுதிதான் வழி. தேசியப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 53,554 ஷில்லிங், மற்ற அரசு விடுதிப் பள்ளிகளுக்கு 40,535 என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. அதை மூன்று பருவங்களுக்கு 50, 30, 20 விழுக்காடாகப் பிரித்துக் கட்டுவது வழக்கம். அதாவது பாதிப் பணம் ஜனவரியிலேயே வேண்டும்.

சிக்கல் அந்த ஜனவரி மாதத்தில்தான். மாசாய்க் குடும்பத்தின் சேமிப்பு மாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய வேண்டிய சிறுமழை பொய்த்தால் ஜனவரியில் மாடு எலும்பும் தோலுமாக நிற்கும். எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டிவர, விலை சரியும். 2020 கடைசியிலிருந்து அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் ஏமாற்றியபோது விற்க மாடே மிஞ்சாத வீடுகள் இருந்தன. மகளைக் கட்டிக்கொடுத்தால் மணமகன் வீட்டிலிருந்து மாடுகள் வரும். தகப்பனைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. மழைக்கணக்கையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

பணத்துக்கு முன்பே வேறு முட்டுக்கட்டைகளும் உண்டு. வீட்டில் பேசுவது மாசாய்களின் 'மா' மொழி. முதல் மூன்று வகுப்புகளை வட்டார மொழியில் நடத்தலாம் என்கிறது பாடத்திட்டம். நான்காம் வகுப்பிலிருந்து பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறும், கூடவே சுவாஹிலி. வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. தேர்வுக்குப் பதியும் நேரத்தில்தான் அது தெரியவரும். தாய்மார்கள் இதற்காகவே துணை மாவட்ட அலுவலகத்துக்கு அலைவார்கள். கன்று கட்டுவது, பால் கறப்பது, விறகு, தண்ணீர் எல்லாம் பெண்பிள்ளையின் வேலை. கோடையில் தண்ணீர் தூரம் போகும்போது முதல் பாடவேளை போய்விடும். ஆடுமாடுகளோடு குடும்பம் இடம்பெயர்ந்தால் பள்ளி பின்னால் வராது.

பழைய முறையில் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதி, பதினான்கு வயதில் விடுதிக்குக் கிளம்புவார்கள். அந்தத் தேர்வு 2023இல் கடைசியாக நடந்தது. இப்போது ஏழு முதல் ஒன்பது வரை தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே நடக்கிறது. பத்தாம் வகுப்பின் முதல் அணி 2026 ஜனவரியில் உள்ளே போனது. வீட்டுக்கு அருகிலேயே கூடுதலாக ஓராண்டு, செலவும் மிச்சம். ஆனால் பன்னிரண்டு முதல் பதினைந்து வரையான வயதுதான் சடங்குக்கும் சம்பந்தத்துக்கும் குறிவைக்கப்படும் வயது. அந்த வயதில் விடுதிச் சுவர் ஒரு காவல். அது இனி ஓராண்டு தாமதமாகத்தான் கிடைக்கும். இந்த மாற்றத்தைப் பாராட்டும் கட்டுரைகளில் இதைக் காண முடிவதில்லை.

சடங்கு என்பது 'எமுராத்தா'. பெண்ணுறுப்பை வெட்டுவது. 2011 சட்டப்படி குறைந்தது மூன்றாண்டுச் சிறை அல்லது இரண்டு லட்சம் ஷில்லிங் அபராதம். ஆனாலும் 2014 தேசியக் கணக்கெடுப்பில் மாசாய்ப் பெண்களில் 78 விழுக்காட்டினர் வெட்டப்பட்டிருந்தார்கள். நீண்ட விடுமுறை டிசம்பரில் வருவதால் காயம் ஆற நாள் கிடைக்கிறது. அதனால் அந்த மாதமே ஆபத்தானது. காயம் மட்டும் படிப்பைக் கெடுப்பதில்லை. சடங்கு முடிந்தவள் ஊர்க் கண்ணில் பெரியவள். பள்ளிக்கூடமோ சிறுபிள்ளைகளின் இடம்.

தப்பி ஓடும் பெண்ணுக்கு 116 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு, குழந்தைகள் நல அலுவலரும் காப்பகமும் உண்டு. அடைக்கலம் கொடுப்பது முதல் வேலைதான். அடுத்த டிசம்பரில் அவள் எங்கே போவாள்? அதனால் நல்ல காப்பகங்கள் முதல் மாதத்திலேயே தாயிடமும் பெரியவர்களிடமும் சமரசப் பேச்சைத் தொடங்கிவிடும்.

கிமானாவில் வளர்ந்த நைஸ் லெங்கேடே சிறுமியாக இருந்தபோதே சடங்கிலிருந்து ஓடி ஒளிந்து, கடைசியில் தாத்தாவின் மனதை மாற்றிப் படித்தவர். பிறகு ஊர்ப் பெரியவர்கள் முகம் கொடுக்காதபோது முதலில் இளைஞர்களிடம் பேசினார்; அந்த வழியாகப் பெரியவர்கள் வந்தார்கள். 2018இல் டைம் இதழின் நூறு பேர் பட்டியலில் இடம்பெற்றார். மேற்கே நாரோக் மாவட்டத்தின் எனூசாயெனில் ககென்யா என்டாயா வேறு வழி கண்டார். சடங்குக்கு உடன்படுகிறேன், உயர்நிலைப் பள்ளியை முடிக்க விடுங்கள் என்று தகப்பனிடம் பேரம் பேசினார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வரை படித்துவிட்டு, 2009இல் சொந்த ஊரிலேயே பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பேரத்தின் விலை என்ன என்பது அவருக்குத் தெரியும்.

பயணிகளுக்கு இரண்டொரு வார்த்தை. வகுப்பு நடக்கும்போது உள்ளே நுழைந்து படமெடுக்காதீர்கள். மிட்டாயும் பேனாவும் வீசினால் பிள்ளைகள் சாலைக்கு வந்து காத்திருக்கப் பழகுவார்கள். உதவ விரும்பினால் மாணவியின் சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டுப் பள்ளியின் வங்கிக் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். வழிகாட்டியின் கையில் கொடுக்க வேண்டாம். பாக்கி இருந்தால் பருவத்தின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் பருவம் ஏப்ரல் இறுதி வாக்கில் தொடங்கும். ஜனவரியில் உற்சாகமாகக் கட்டியவர்கள் மறந்துபோவது அந்த 30 விழுக்காட்டைத்தான்.