வூரி நதி சொன்ன வாக்கு

முந்தின நாள் மாலையே தேவாலயத்துக்குப் போய்த் திருப்பலி கண்டுவிட்டு வந்திருந்தார் நண்பரின் அம்மா. "நாளைக் காலை ஆற்றுக்குப் போக வேண்டுமே, அதனால்தான்" என்றார். அவருக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. ஞாயிறு விடியுமுன் என்னையும் எழுப்பிவிட்டார்.

கேமரூனின் துறைமுக நகரம் துவாலா. அதை ஒட்டி ஓடும் வூரி நதிக்குள் நீர்த்தேவதைகள் வாழ்கிறார்கள் என்பது கடலோரத்துச் சாவா மக்களின் நம்பிக்கை. ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் ஒன்றான துவாலா மொழியில் ஒருத்தி என்றால் ஜெங்கு, பலர் என்றால் மியெங்கு. நீண்ட கூந்தல், முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, காணக் கிடைக்காத அழகு. நோய் தீர்ப்பார்கள், நல்ல காலம் தருவார்கள். இருப்பவர்களுக்கும் இறந்துபோன மூதாதையருக்கும் நடுவே சேதி கொண்டுபோகிறவர்களும் அவர்களே. ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் முதல் ஞாயிறை ஒட்டி, அவர்களிடம் வாக்குக் கேட்கும் விழாவுக்கு ங்கொண்டோ என்று பெயர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே கரையில் கால் வைக்க இடமில்லை. ஆண்கள் வெள்ளைச் சட்டையும் சாஞ்சாவும் உடுத்தியிருந்தார்கள். நம் வேட்டி போல இடுப்பில் சுற்றிக் கட்டுவதுதான் சாஞ்சா. பெண்களுக்குக் காபா என்கிற தொளதொளப்பான நீள அங்கி. அம்மாவின் காபா நல்ல நீலம். நதி மட்டும் எந்த அலங்காரமும் இல்லாமல், சேற்று நிறத்தில், அகன்று கிடந்தது. 1472-இல் இங்கே வந்த போர்ச்சுகீசியர், தண்ணீரில் மொய்த்த இறால் கூட்டத்தைப் பார்த்து "இறால் ஆறு" என்று பெயர் வைத்தார்கள். அந்த "கமரோயிஸ்"தான் திரிந்து கேமரூன் ஆனது. ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த தண்ணீர் இது. அதன் கரையில் செருப்போடு நிற்க மனம் வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவரும் கழற்றினார்.

மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. தலைவர்கள் நதிக்குப் படையல் ஊற்றினார்கள். பிறகு புனிதக் கலயத்தோடு ஒருவர் தண்ணீருக்குள் இறங்கினார். மியெங்குவின் ஊர் அடியில் இருக்கிறது. அவர் அங்கே போய் வாக்கு வாங்கி வர வேண்டும். பக்தி உள்ளவர் எவ்வளவு நேரமும் உள்ளே இருக்கலாம், மேலே வரும்போது உடுத்திய துணிகூட நனைந்திருக்காது என்று சொல்கிறார்கள்.

தலை மறைந்தது. மேல் நீர் மூடிக்கொண்டது.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? சந்நிதியில் திரை போட்டிருக்கும்போது நாம் காத்து நிற்போமே, அதுதான். ஆனால் இங்கே திரைக்குப் பின்னால் ஒரு மனிதரின் மூச்சு இருக்கிறது. என் பக்கத்தில் இருந்த கிழவர் உதடு அசையாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்திருந்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். நதி நகர்ந்துகொண்டே இருந்தது.

அவர் மேலே வந்தார். கரை முழுக்க எழுந்த அந்தக் குரலை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. துணி நனைந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கண்ணீர் மறைத்திருந்தது.

கலயத்தைப் பெரியவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் உள்ளதைப் படித்துச் சொல்ல உரிமை உள்ளவர்கள் அவர்கள் மட்டுமே. அதன் பிறகு படகுப் போட்டி. நீண்ட, ஒடுங்கிய படகுகளில் வரிசையாக உட்கார்ந்து இளைஞர்கள் துடுப்புப் போட்ட வேகம் அழகுதான். என் மனம் இன்னும் கலயத்திலேயே இருந்தது.

காத்திருந்த நேரத்தில் அம்மா பழைய கதை சொன்னார். இந்த ஆற்றங்கரை நிலத்திலிருந்து துவாலா மக்களை அப்புறப்படுத்த, அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர் முனைந்தபோது எதிர்த்து நின்ற மன்னர் ருடால்ப் துவாலா மாங்கா பெல், 1914 ஆகஸ்ட் 8 அன்று தூக்கிலிடப்பட்டார். பின்னாளில், 1981-இல், சுதந்திர நாட்டின் அரசே ங்கொண்டோவைத் தடை செய்தது. 1991-இல்தான் விழா திரும்ப வந்தது. "அந்தப் பத்து வருஷமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "விழாவுக்குத்தானே தடை? ஆறு இங்கேயேதானே இருந்தது. வருவேன், கை நனைப்பேன், போவேன்" என்றார். 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ங்கொண்டோவைச் சேர்த்தது. அதில் அவருக்குச் சந்தோஷம். ஆனால் கை நனைத்த கதையைச் சொன்னபோது முகத்தில் வந்த வெளிச்சம் வேறு.

வாக்கு அறிவிக்கப்பட்டது. துவாலா மொழி எனக்குப் புரியாது. அம்மா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி இரண்டு வரி மட்டும் பிரெஞ்சில் சொன்னார்.

"மீதி?"

"மீதி எங்களுக்கு, மகனே."

கூட்டம் கலையும்வரை இருந்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த மியோண்டோவை எடுத்தார். புளிக்கவைத்த மரவள்ளி மாவை இலையில் சுற்றி வேகவைத்தது. கட்டியிருந்த நாரைப் பிரித்து எனக்கொன்று கொடுத்தார். சாப்பிடுமுன் இருவரும் படியிறங்கிப் போய் ஆற்றில் கை நனைத்தோம்.