ரப்பர் காலுக்குள் ஒளிந்த ஸ்க்ரூ

ஜூன் 6
இந்த செமஸ்டருக்கு டேபிள் டாப் கிரைண்டர். சூழலுக்கு உகந்ததாக மாற்றி வடிவமைக்க வேண்டும். நான் மூங்கிலில் உடம்பு வரைந்து, இலைப்பச்சை அடித்துக் கொண்டுபோனேன். சார் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. கெட்டுப்போனா எப்படிக் கழட்டுவாங்க?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூன் 8
ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் அம்மிச்சி வீடு, அம்மாவின் அம்மா. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டருக்குக் கல் இந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. எனக்கோ ஊத்துக்குளி என்றால் இத்தனை நாளும் வெண்ணெய் மட்டும்தான்.

அம்மிச்சியின் டில்டிங் கிரைண்டருக்கு என்னைவிட வயது அதிகம். "ரெண்டு தடவ கல்லு கொத்தியாச்சு கண்ணு. பெல்ட்டு எத்தனை மாத்துனோம்னு ஆருக்குத் தெரியும்?" பக்கத் தகடு இரண்டு நட்டில் நிற்கிறது. கழற்றினால் மோட்டார், புல்லி, பெல்ட் எல்லாம் கண்ணெதிரே. அம்மிச்சி ஸ்பேனரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

ஆனால் அத்தை அதைத் தொடுவதில்லை. மாவோடு சாய்த்தால் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறதாம். அவர் சின்னதாக ஒன்று வாங்கினார், மூன்றாம் வருஷமே நின்றுவிட்டது. 'அந்தக் காலத்துப் பொருள் போல வருமா' என்று எழுத நினைத்தேன். அத்தையின் தோளைப் பார்த்தபின் மனம் வரவில்லை.

ஜூன் 11
நின்றுபோன கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் கவிழ்த்துப் போட்டு, ரப்பர் கால்களைப் பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்க்ரூ! நான்கையும் கழற்றியும் மூடி வரவில்லை. உள்ளே பிளாஸ்டிக் கொக்கிகள். நெம்பியதும் ஒன்று டப்பென்று உடைந்தது.

"தொறக்கலாமுங்க அம்மிணி. திரும்ப மூடறதுதான் சிரமம்."

போனது பெல்ட் மட்டும். அதே அளவு அவரிடம் இல்லை.

மேசையில் மிக்சி கப்ளர்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் சின்னத் துண்டு. ஜார் இறுகிச் சிக்கினால் முதலில் கப்ளரின் பல் தேய்ந்து போகும், மோட்டார் தப்பிக்கும். மலிவான துண்டு உடையட்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இதை வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஜூன் 12
இன்று வகுப்பில் ஃபீபஸ் கூட்டணி. 1924இல் ஆஸ்ரம், ஃபிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு செய்தன. அதற்கு மேல் எரிந்தால் தயாரித்தவருக்கு அபராதம். அதுவும் யோசித்து உடைய வைத்ததுதான். எனக்குக் கப்ளர் டப்பாதான் ஞாபகம் வந்தது. அத்தையின் பெல்ட்டை எதில் சேர்ப்பது? கெட்ட எண்ணம் இருந்த மாதிரித் தெரியவில்லை. யாரோ என்னை மாதிரி ஒருவர், அடியில் ஸ்க்ரூ தெரிந்தால் அசிங்கம் என்று நினைத்திருக்கலாம்.

ஜூன் 15
மூங்கில் போயிற்று. புது வரைபடத்தில் அடித்தட்டுக்கு வெளியே தெரிகிற மூன்று ஸ்க்ரூ, மூன்றுக்கும் ஒரே ஸ்க்ரூ டிரைவர். பெல்ட் அளவு உடம்பிலேயே அச்சில் பதிந்திருக்கும்.

அண்ணனிடம் காட்டினேன். ஸ்க்ரூவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம், "இந்த சைஸு பெல்ட்டு கடையில கெடைக்குமுங்களா?" என்றார்.

கிடைக்காது. வளைவு அழகாக வர வேண்டும் என்று நானே ஒரு அளவு போட்டிருந்தேன். அவரிடம் தொங்கிய பெல்ட்களில் அதிகம் விற்பது எது என்று கேட்டு, அதற்கேற்ப வரைந்தேன். இப்போது கிரைண்டர் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. அத்தை வீட்டுச் சமையல் மேடைக்கு மேலே ஒரு அலமாரி உண்டு. அதற்கடியில் நுழையுமா என்று நாளைக்கு டேப் எடுத்துப் போய் அளக்க வேண்டும்.