வன்னியில ஷோர்ட் ஃபிலிம் எடுக்கிறவைக்கு: நடிக்க ஆக்கள் தேடுறது பற்றி

ஃபைனல் புரொஜெக்ட் செய்யப்போற தம்பி தங்கச்சிமாருக்கு எண்டு எழுதுறன். நான் கிளிநொச்சிப் பக்கம்தான் என்ர படத்தை எடுத்தனான், வயல்காரக் குடும்பத்துக் கதை, நடிச்ச ஆருக்கும் சம்பளம் குடுக்கிற வசதி இல்லை. கமராவை இரவல் வாங்கலாம், ஆனா ஆள் பொருந்தாட்டி ஒண்டும் செய்யேலாது, அதால ஸ்கிரிப்ட் முடிஞ்ச கையோட ஆக்களைத் தேடத் தொடங்குங்கோ.

முதல்ல பருவத்தைப் பாருங்கோ. இரணைமடுக் குளத்துத் தண்ணியில காலபோகம், அதுதான் மாரிகால நெல், செய்த சனத்தை தை மாசியில அருவி வெட்டுற (கதிர் அறுக்கிற) நேரம் ஷூட்டிங்குக்குக் கேட்டா எப்பிடி வருவினம்? ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளையளுக்கும் ரியூசன், சோதினை இருக்கு.

ஆக்கள் எங்க கிடைப்பினம் எண்டா, ஏ.எல்லுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ரீச்சர்மாரிட்ட முதல்ல போங்கோ, ஆருக்கு என்ன வரும் எண்டு அவைக்குத் தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து ஆடின ஐயாமார் இருக்கினம், அவையளை விட்டிடாதேங்கோ. வெட்டவெளியில கடைசி ஆளுக்கும் கேக்கவேணும் எண்டு பாடிப் பழகின குரல், குளோசப்பில அது கூடிப்போகும்தான், ஆனா "நடிப்பைக் குறையுங்கோ ஐயா" எண்டு சொன்னா பாவம் அந்தாள் விறைச்சுப் போவார். கையில ஒரு வேலையைக் குடுங்கோ, மண்வெட்டிக்குப் பிடி போடச் சொல்லிப்போட்டு பக்கத்தில இருக்கிற பேரனோட கதைக்கிறமாதிரி கதைக்கச் சொல்லுங்கோ, போனில எடுத்து உடன போட்டுக் காட்டினா தானாவே குரலைக் குறைப்பார்.

ஒடிஷனில வசனத்தைப் பாடமாக்கச் சொல்லாதேங்கோ. "மகன் வெளிநாடு போறன் எண்டு இப்பதான் சொல்லுறான்" எண்டு நிலைமையை மட்டும் சொல்லி அவையின்ர வாயில வாறதைக் கதைக்க விடுங்கோ. தாயையும் மகனையும் தனித்தனியா எடுக்காம ஒண்டா இருத்திப் பாருங்கோ, கதைக்கிற ஆளைவிட கேட்டுக்கொண்டிருக்கிற ஆளைத்தான் நான் கூடக் கவனிப்பன், மற்றவர் சொல்லுறது உள்ள போகுதோ எண்டு அந்த முகத்தில தெரியும்.

இனி முக்கியமான விசயம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுற அம்மா எண்டு கன பேர் கதை எழுதுறீங்கள். 2017 மாசியில இருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில இருந்து போராடின அம்மாமாரை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம். அப்பிடி ஒரு அம்மாவையே கூட்டிக்கொண்டுவந்து கமராவுக்கு முன்னால அழவைக்கிறது நியாயமில்லை, தத்ரூபமா வரும் எண்ட காரணத்துக்காக ஒருநாளும் செய்யாதேங்கோ. வேற ஆளைப் போட்டாலும், இஞ்ச ஆற்றை வீட்டில என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது, அதால முழுக் கதையையும் முதலே வீட்டை போய் இருந்து சொல்லுங்கோ, ஏலாது எண்டா ஏன் எண்டு கேளாதேங்கோ.

பஸ் காசும் வயிறாறச் சாப்பாடும் கட்டாயம். பொம்பிளைப் பிள்ளையள் எண்டா வீட்டு ஆள் ஒராளையும் கூப்பிடுங்கோ, குழுவிலயும் ஒரு பொம்பிளை நிக்கட்டும், பொழுதுபட முதல் வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குத் தாய் தகப்பனிட்ட கையெழுத்து வாங்குங்கோ. படத்தை யூடியூப்பில போடுற யோசினை இருந்தா அதையும் அந்தப் பேப்பரிலயே எழுதிப்போடுங்கோ, பிறகு கேப்பம் எண்டு விட்டா ஆள் வெளிநாடு போயிருக்கும், நம்பரும் மாறியிருக்கும்.